15 கிலோவும் ஒரு கோலி சோடாவும்

சிதம்பரத்து வீடு ஒன்றின் கூடத்தில் பாயை விரித்து, அதன்மேல் ஸ்கூபா சாமான்களைப் பரப்பி வைத்து எடை போட்டுப் பாருங்கள். மூச்சுக்காற்றை அளந்து தரும் ரெகுலேட்டரும் அதன் குழாய்களும் அழுத்தமானியும் சேர்ந்து ஏறக்குறைய 3 கிலோ. காற்றடைத்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் பி.சி.டி. ஜாக்கெட் மூன்றரை கிலோ. உடலோடு ஒட்டிய ரப்பர் நுரை உடையான வெட்சூட் 2 கிலோ. காலில் மாட்டும் துடுப்புகள் 2 கிலோ. முகக்கண்ணாடி, மூச்சுக்குழல் அரை கிலோவுக்கு மேல். நீரடி விளக்கு முக்கால் கிலோ. டைவ் கம்ப்யூட்டர், கத்தி, மேலே இருக்கும் படகுக்கு அடையாளம் காட்டும் மிதவை, அதன் கயிற்றுச் சுருள் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ. இவற்றை வைத்துக் கட்டும் பை 3 கிலோ. கூட்டினால் கிட்டத்தட்ட 16 கிலோ. மாற்றுச் சட்டை ஒன்றைக்கூட இன்னும் எடுத்து வைக்கவில்லை.

நம் நாட்டு உள்நாட்டு விமானங்களில் சாதாரணச் சீட்டுக்குப் பெரும்பாலும் கிடைப்பது 15 கிலோ செக்-இன் பை ஒன்று, கையில் 7 கிலோ. பை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே வரம்பைத் தாண்டிவிட்டது.

கடலை வாசலில் வைத்துக்கொண்டு கடலூர்க்காரர் எதற்காக விமானம் ஏற வேண்டும் என்று கேட்கலாம். நம் கரை மணலும் வண்டலுமான கரை. பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்று அடுத்தடுத்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் சேறுதான் பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டை வளர்த்தது. அதே சேறுதான் தண்ணீரைக் கலக்கிப் பவளப்பாறைகளை வளரவிடாமல் செய்கிறது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியல் மையத்தில் படிக்கும் மாணவர், தெளிந்த நீரில் பவளப்பாறையைக் கண்ணால் காண வேண்டுமானால் மன்னார் வளைகுடாவுக்கோ, லட்சத்தீவுக்கோ, அந்தமானுக்கோதான் போயாக வேண்டும். அந்தமானுக்கு வழி, ரயிலில் தாம்பரம் வந்து, புறநகர் வண்டி பிடித்துத் திரிசூலத்தில் இறங்கி, எதிரே இருக்கும் சென்னை விமான நிலையத்தில் ஏறுவது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான பறப்பு. போர்ட் பிளேர், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அந்த ஊர், வந்துவிடும்.

பயணம் எளிது. பையைக் கட்டுவதுதான் கடினம். சிலிண்டர் கூடாது. பேட்டரி கைப்பையில் இருக்க வேண்டும், கத்தி கைப்பையில் இருக்கக் கூடாது. விளக்கின் பேட்டரியைக் கழற்ற வேண்டும். கடைசியாக முக்குளித்த பின் இத்தனை மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. முதல் தடவை படிப்பவருக்கு இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கெடுபிடிகளாகத் தோன்றும். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே பள்ளிக்கூடத்தில் படித்த இயற்பியல் இருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எதை எங்கே வைப்பது என்று நமக்கே தெரிந்துவிடும்.

எடை எங்கே போகிறது?

கரையில் நிற்கும் ஸ்கூபா வீரரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். சிலிண்டரும் ஈயக்கட்டியும் சேர்ந்து முதுகை அழுத்தும். அவரே தண்ணீருக்குள் போனதும் எடையே இல்லாதவர்போல நிற்பார். மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் மீனைப்போல் ஓரிடத்தில் நிற்பதுதான் இந்தக் கலையின் முதல் பாடம்.

ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான் இது. ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அவ்வளவு தண்ணீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளும். சாமான்களோடு ஒருவர் 100 லிட்டர் இடத்தை அடைக்கிறார் என்று வையுங்கள். வெள்ளாற்றின் மேற்பகுதியில், நன்னீரில், அவரைத் தூக்கிப்பிடிப்பது 100 கிலோ. அதே ஆறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடும் இடத்தில் உப்பு ஏற ஏற அந்த எண்ணும் ஏறும். முழுக் கடல்நீரில் அது ஏறக்குறைய 102.5 கிலோ. ஆற்றில் சரியாக நின்றவர் கடலில் நிற்க இன்னும் இரண்டரை கிலோ ஈயம் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஈயம் தேவைப்படுவதற்கு முக்கியக் காரணம் வெட்சூட். நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்த நுரை ரப்பர் அது. குளிரைத் தடுப்பதும் அந்தக் குமிழிகள்தான், மிதக்க வைப்பதும் அவைதான். இன்னொரு காரணம் சிலிண்டர். உலகெங்கும் வாடகைக்குக் கிடைக்கும் வழக்கமான அலுமினிய சிலிண்டரின் உள் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்துக்குச் சற்று மேல் காற்றை அடைப்பார்கள். அப்படி அடைத்த காற்று மட்டுமே இரண்டரை கிலோவுக்கு மேல் எடை இருக்கும். காற்றுக்கு எடை உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை. முங்கும்போது தண்ணீரில் சற்றே அமிழும் அந்தச் சிலிண்டர், காற்று தீரத் தீர மிதக்கப் பார்க்கும். அந்த வேறுபாட்டையும் ஈயம்தான் ஈடு செய்கிறது.

இங்கிருந்து முதல் முடிவு கிடைக்கிறது. தண்ணீரில் நம்மை அமிழ்த்துவதற்காகவே இருக்கும் ஈயத்தை விமானத்தில் சுமந்து போவதில் பொருளில்லை. ஈயம் எந்த ஊரிலும் ஒரே ஈயம்தான். அதைப் போகும் இடத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

விமானத்துக்கோ ஒவ்வொரு கிலோவும் கணக்கு. சுமார் 180 பேர் அமரும் விமானத்தில் ஆளுக்கு 10 கிலோ கூடினால் 1.8 டன் கூடுகிறது. அதைத் தூக்கக் கூடுதல் எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளும் ஓர் எடைதான். ஓடுபாதை குட்டையாக இருந்தால் கணக்கு இன்னும் இறுகும். லட்சத்தீவின் அகத்தி விமானத்தளம் சுமார் 1,200 மீட்டர் நீளம் உள்ள குறுகலான தீவுத் துண்டு. இரண்டு பக்கமும் கடல். அங்கே இறங்கி ஏறும் சிறிய விமானத்தில் கூடுதல் பைக்குப் பணம் கட்டத் தயாராக இருந்தாலும், அந்த நாளின் எடைக் கணக்கில் இடம் இருந்தால்தான் பை ஏறும். பணத்தால் வாங்க முடியாத கிலோவும் உண்டு.

கூடுதல் எடைக்குப் பணம் கட்டினாலும் ஒரே பையை 32 கிலோவுக்கு மேல் ஏற்ற முடியாது என்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. இதன் காரணம் விமானத்தில் இல்லை, பையைத் தூக்குபவரின் முதுகில் இருக்கிறது. விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்து நின்று நாளெல்லாம் பைகளைத் தூக்கி அடுக்கும் தொழிலாளியின் முதுகெலும்புக்காக வைத்த எல்லை அது. 40 கிலோவை ஒரே பெரிய பையில் திணிப்பதைவிட இரண்டாகப் பிரிப்பது நம் கடமை.

சிலிண்டருக்குள் ஒரு பேருந்து

வெறும் காற்றுதானே, அதற்கு ஏன் இவ்வளவு பயம் என்று பலர் கேட்பதுண்டு. எரியாத, விஷமில்லாத, நாம் மூச்சு விடும் அதே காற்றுதான். ஆனால் அதை அடைப்பதற்கு ஒரு கம்ப்ரசர் வேலை செய்திருக்கிறது. அந்த வேலை முழுதும் உள்ளே காத்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று, வெப்பநிலை மாறாமல் விரிந்து வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு வந்தால், அதிகபட்சமாக ஏறக்குறைய 12 லட்சம் ஜூல் வேலையைச் செய்யக்கூடும். பயணிகள் இல்லாத 10 டன் பேருந்தை 12 மீட்டர், அதாவது நான்கு மாடி உயரத்துக்குத் தூக்க அந்த ஆற்றல் போதும். உடைந்து சிதறும்போது அவ்வளவும் வெளிப்படாது என்றாலும், வெளிப்படும் பங்கே போதுமான அழிவு. வீட்டுச் சமையல் கேஸ் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் சாதாரண வெயிலில் ஒற்றை இலக்க பார் அளவில்தான் இருக்கும். கேஸின் ஆபத்து அது எரிவது. ஸ்கூபா சிலிண்டரின் ஆபத்து அதன் அழுத்தமே.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். மேலே போகப் போக வெளிக்காற்று குறைவதால் சிலிண்டர் வெடித்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். உள்ளே 200 பார் இருக்கும்போது வெளியே கால் பார் குறைவது ஒரு பொருட்டே இல்லை. உண்மையான அச்சம் வேறு: சரக்கு அறையில் தீப்பிடித்தால் சூடேறும், கீழே விழுந்தால் வால்வு உடையும். உடைந்த வால்வோடு சிலிண்டர் ஒரு ராக்கெட்டாக மாறும். மூடிய இடத்தில் அதைத் தடுக்க யாராலும் முடியாது.

அதனால்தான் பொதுவான விதி இப்படி இருக்கிறது: காற்று இருக்கும் சிலிண்டர் பயணியின் பையில் வரவே கூடாது. காலிச் சிலிண்டர் என்றால், வால்வைக் கழற்றி, உள்ளே பார்க்கும்படி வாய் திறந்திருக்க வேண்டும். மூடிய வால்வோடு இருப்பது காலியா நிறைந்ததா என்று எக்ஸ்ரே திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. உலோகத்துக்குள் இருக்கும் காற்று நிழல் விழுத்தாது. வாய் திறந்திருந்தால் யாருடைய வார்த்தையையும் நம்ப வேண்டியதில்லை. அப்படித் திறந்து வைத்தாலும் ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த விமான நிறுவனத்தின் உரிமை. பதினான்கு கிலோ உலோகத்தை இதற்காக இழுத்துக்கொண்டு போவதைவிட, போகும் இடத்தில் பரிசோதனை முடித்த சிலிண்டரை வாடகைக்கு எடுப்பதே முறை. நம் நாட்டில் உயரழுத்தச் சிலிண்டர்கள் 2016ஆம் ஆண்டின் வாயுச் சிலிண்டர் விதிகளுக்கு உட்பட்டவை. உரிய காலத்தில் நீரழுத்தச் சோதனை செய்த முத்திரை அதன் தோளில் பொறித்திருக்கும். வாடகைக்கு எடுக்கும்போது அந்த எழுத்தைத் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

கைப்பையில் ஏன் பேட்டரி?

ஆபத்தான பொருளைப் பயணிகளிடமிருந்து தள்ளித்தானே வைப்பார்கள்? லித்தியம் பேட்டரியை மட்டும் ஏன் நம் காலடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்?

லித்தியம் அயனி பேட்டரி ஒன்று உள்ளுக்குள் பழுதானாலோ, அதன் இரு முனைகளை ஒரு சாவியோ நாணயமோ இணைத்துவிட்டாலோ சூடேறத் தொடங்கும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சூடே அடுத்த வேதிவினையைத் தூண்டும். அந்த வினை இன்னும் சூட்டைத் தரும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சூட்டை, தீயை அணைக்கும் வாயுவால் நிறுத்த முடியாது. விமானத்தின் சரக்கு அறையில் உள்ள ஹாலான் வாயு எரியும் சுவாலையை அடக்கும். பேட்டரிக்குள் நடக்கும் வினையை அடக்காது. அதற்கு வேண்டியது தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது. அதைச் செய்ய ஒரு மனிதக் கண்ணும் கையும் பக்கத்தில் இருக்க வேண்டும். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யு.பி.எஸ். சரக்கு விமானத்தில், லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் தீப்பிடித்து, விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். சரக்கு அறையில் கண்ணுக்கு எட்டாமல் தொடங்கும் தீ எவ்வளவு கொடியது என்பதை உலகம் அன்று கண்டது.

பேட்டரியின் வரம்பை வாட்-மணியில் சொல்வார்கள். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் அது கிடைக்கும். டார்ச்சில் போடும் விரல் பருமனான செல் ஒன்று 3.7 வோல்ட், 3.4 ஆம்பியர்-மணி என்றால் சுமார் 12.6 வாட்-மணி. 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம். 100க்கும் 160க்கும் இடைப்பட்டது என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். உதிரியாக இரண்டு வரைதான். 160க்கு மேல் பயணியின் பையில் இடமில்லை. உதிரி பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் இட்டுக் கைப்பையில் வையுங்கள்.

நீரடி விளக்குக்கு இன்னொரு விதி. பயணிகளின் ஆபத்தான பொருட்கள் பற்றிய சர்வதேசப் பட்டியலில், சூட்டைக் கக்கும் பொருட்களுக்கு உதாரணமாக அதன் பெயரே வருகிறது. பற்றவைக்கும் சால்டரிங் கருவி அதற்குப் பக்கத்துத் துணை. அதிக வெளிச்சம் தரும் இந்த விளக்கைக் கடல்தான் குளிர்விக்கிறது. சுற்றிலும் தண்ணீர் இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது அது. நுரை ரப்பர் உடைக்குள் சுருட்டி வைத்த பையில் தற்செயலாகச் சுவிட்ச் விழுந்துவிட்டால், குளிர்விக்க அங்கே கடல் இல்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

கத்தி மட்டும் செக்-இன் பைக்குள். அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

விமானத்துக்குள் ஊட்டி

சென்னையிலிருந்து கிளம்பிய அரைமணி நேரத்தில் விமானம் பத்து கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் நான்கில் ஒரு பங்குதான். அந்தக் காற்றில் நம்மால் விழித்திருக்க முடியாது. எனவே விமானத்துக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஆனால் தரையில் இருக்கும் அளவுக்கு நிரப்புவதில்லை. அப்படி நிரப்பினால் விமானத்தின் உடல் தாங்க வேண்டிய பளு கூடும், சுவர் தடிக்க வேண்டும், எடை ஏறும். அதனால் 6,000 முதல் 8,000 அடி உயர மலை ஒன்றில் இருப்பதற்குச் சமமான அழுத்தத்தில் வைக்கிறார்கள்.

8,000 அடி என்பது 2,440 மீட்டர். ஊட்டி நகரம் சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். ஊட்டியிலிருந்து தொட்டபெட்டாவுக்குப் பாதி வழியில் நிற்பதுபோலத்தான் நாம் விமானத்தில் அமர்ந்திருக்கிறோம். கடல்மட்டத்தில் 1,013 மில்லிபார் இருந்த அழுத்தம் அங்கே ஏறக்குறைய 750. பைகள் இருக்கும் சரக்கு அறையும் இதே அழுத்தத்தில்தான். சிப்ஸ் பாக்கெட் உப்புவது இதனால்தான்.

ராபர்ட் பாயில் 1662இல் எழுதிய விதிப்படி, அழுத்தம் குறைந்தால் அடைபட்ட காற்று விரியும். தரையில் ஒரு லிட்டராக இருந்தது இங்கே 1.35 லிட்டராகப் பார்க்கும். ஜாக்கெட்டிலும் மிதவையிலும் இருக்கும் காற்றை முழுதும் பிழிந்து எடுத்துவிட்டு மடித்து வைக்கச் சொல்வது இதற்காக.

கேமராவுக்கான நீர்புகா உறை இதில் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய பொருள். கடலடியில் வெளியிலிருந்து வரும் அழுத்தம் அதன் ரப்பர் வளையத்தை இறுக்கிப் பிடிக்கும். ஆழம் கூடக் கூட மூடி இன்னும் கெட்டியாக மூடிக்கொள்ளும். விமானத்தில் நடப்பது நேர் எதிர். சென்னையில் இறுக்கி மூடிய உறைக்குள் கடல்மட்டக் காற்று, வெளியே ஊட்டிக் காற்று. 10 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் மூடி என்றால் உள்ளிருந்து ஏறக்குறைய 40 கிலோ விசை அதை வெளியே தள்ளும். 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றரை அதன்மேல் உட்கார்ந்ததுபோல. வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்கென்றே செய்த கொக்கிகளும் கண்ணாடியும் இதைத் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியே வைத்து, உறையைக் காற்று போய்வரும்படி விட்டுவிட்டால் போதும்.

ரெகுலேட்டர், டைவ் கம்ப்யூட்டர், முகக்கண்ணாடி மூன்றும் கைப்பைக்கு உரியவை. இவைதாம் உயிரை நேரடியாகக் காப்பவை. முகத்துக்கும் வாய்க்கும் பழகியவை. பை தொலைந்தாலும் துடுப்பை வாடகைக்கு வாங்கலாம். நாமே பழுது பார்த்து, நாமே நம்பும் ரெகுலேட்டரை வாங்க முடியாது. மூன்றும் சேர்ந்து 4 கிலோவைத் தாண்டாது. 16 கிலோப் பை 12 கிலோவாகிவிட்டது. இப்போது சட்டை வைக்கலாம்.

கோலி சோடா

இதுவரை பைக்குள் இருப்பதைப் பார்த்தோம். விமானத்தில் ஏறும் சாமான்களிலேயே அழுத்தத்துக்கு மிகவும் அஞ்ச வேண்டியது பைக்கு வெளியே, நம் தோலுக்குள் இருக்கிறது.

கடையில் கோலி சோடாவை உடைக்கும்போது கவனித்திருப்பீர்கள். பாட்டிலுக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம்தான் கோலியை வாய்வளையத்தில் அழுத்திப் பிடித்திருக்கும். மூடியிருக்கும்வரை தண்ணீர் தெளிவாக இருக்கும். வாயு அதில் கரைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலால் கோலியை உள்ளே தள்ளியதும் அழுத்தம் சட்டென்று விழும், தண்ணீர் முழுதும் குமிழியாகப் பொங்கும். அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு வாயு திரவத்தில் கரையும் என்பது ஹென்றியின் விதி. அழுத்தம் குறைந்தால் கரைந்தது வெளியே வந்தாக வேண்டும்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. சிதம்பரத்துக்குத் தெற்கே பூம்புகார்க் கடலில், தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் முக்குளிப்பாளர்கள் 1990களில் லாட வடிவ அமைப்பு ஒன்றை ஆராய்ந்தது சுமார் 23 மீட்டர் ஆழத்தில். அந்த ஆழத்தில் அழுத்தம் தரையைப்போல 3.3 மடங்கு. அங்கே மூச்சு விடுபவரின் நுரையீரலுக்குள் போகும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் போகும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆக்சிஜனை உடல் செலவழித்துவிடும். நைட்ரஜனை உடல் எதற்கும் பயன்படுத்துவதில்லை. அது இரத்தத்தில் கரைந்து, தசைக்கும் கொழுப்புக்கும் மூட்டுக்கும் போய்த் தங்குகிறது.

மெதுவாக மேலே வந்தால் அது வந்த வழியே நுரையீரலுக்குத் திரும்பி, மூச்சோடு வெளியேறும். வேகமாக வந்தால் கோலியைத் தள்ளிய கதைதான். மூட்டுவலி, தோலில் தடிப்பு, மரத்துப்போதல், தலைசுற்றல், மோசமானால் கால்கள் செயலிழத்தல். பாலங்களின் அடித்தளத்துக்காக நீரடியில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் வேலை செய்த 19ஆம் நூற்றாண்டுத் தொழிலாளர்கள், மேலே வந்ததும் வலியில் மடங்கி விழுந்தார்கள். பிரான்சின் பால் பெர்ட் 1878இல் அதற்கு நைட்ரஜன் குமிழிதான் காரணம் என்று நிறுவினார். பிரிட்டனின் ஹால்டேன் 1908இல் ஆடுகளை வைத்துச் சோதித்து, படிப்படியாக மேலே வருவதற்கான முதல் அட்டவணைகளை வெளியிட்டார். இன்று மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர், அந்த அட்டவணையின் பேரப்பிள்ளை.

இந்தக் குமிழியை முதன்முதலில் கண்டவர் மறுபடியும் பாயில்தான். கடலில் இல்லை. விரியன் பாம்பு ஒன்றை மூடிய கலத்தில் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தபோது, அதன் கண்ணுக்குள் ஒரு குமிழி அங்குமிங்கும் நகர்வதை அவர் பார்த்தார். ஆழத்திலிருந்து மேலே வருவதும், தரையிலிருந்து உயரத்துக்குப் போவதும் உடலுக்கு ஒன்றே. அழுத்தம் குறைகிறது என்பது மட்டும்தான் உடலுக்குத் தெரியும்.

முக்குளித்து மேலே வந்தவர் நலமாக இருக்கலாம். உடலில் கூடுதலாகத் தங்கிய நைட்ரஜன் தரையின் அழுத்தத்தில் அமைதியாகக் கரைந்தே இருக்கும். அவரை இரண்டு மணி நேரத்தில் ஊட்டி உயரத்துக்குத் தூக்கினால், பாதி தள்ளிய கோலியை முழுதும் தள்ளியதுபோல ஆகிவிடும்.

முக்குளிப்பவர்களின் நலனுக்காக இயங்கும் சர்வதேச அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை இது: மேலே வரும் வழியில் நிறுத்தங்கள் தேவைப்படாத ஒரே ஒரு முக்குளிப்பு என்றால், விமானம் ஏறும் முன் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் பல முறையோ, பல நாட்கள் தொடர்ந்தோ முக்குளித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம். வழியில் நின்று நின்று மேலே வர வேண்டிய அளவுக்கு ஆழமாகவோ நீண்ட நேரமோ போயிருந்தால், 18 மணி நேரத்தைவிடக் கணிசமாகக் கூடுதல். ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுவது பலருடைய வழக்கம்.

ஏன் இவ்வளவு நேரம்? இரத்தம் நைட்ரஜனைச் சில நிமிடங்களில் இறக்கி வைத்துவிடும். இரத்த ஓட்டம் குறைந்த திசுக்கள் மணிக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். கூடுதல் நைட்ரஜனில் பாதி வெளியேற 4 மணி நேரம் பிடிக்கும் ஒரு திசுவை எடுத்துக்கொள்வோம். 4 மணியில் பாதி, 8 மணியில் கால், 12 மணியில் அரைக்கால். 18 மணியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. பொறுமையைத் தவிர இதற்குக் குறுக்கு வழியில்லை.

இந்த விதி விமானத்துக்கு மட்டுமானதில்லை. நம் மாவட்டத்தார் நினைவில் வைக்க வேண்டியது இதுதான். கடலூரிலிருந்து அரைமணிப் பயணத்தில் இருக்கும் புதுச்சேரியில் இப்போது ஸ்கூபா பழகலாம். காலையில் அங்கே முக்குளித்துவிட்டு மதியமே காரை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குக் கிளம்பினால், இருட்டுவதற்குள் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விடலாம். 2,000 அடிக்கு, அதாவது 600 மீட்டருக்கு மேல் போவதென்றாலே முக்குளித்தவர் யோசிக்க வேண்டும். மலைச்சாலையில் செக்-இன் கவுன்ட்டர் இல்லை. நம்மை நிறுத்திக் கேட்கவும் யாருமில்லை. தெரிந்துவைத்திருப்பது மட்டுமே காவல்.

எடை போட முடியாத சாமான்

ஒரு மனித உடலில் சாதாரணமாகக் கரைந்திருக்கும் நைட்ரஜன் ஏறக்குறைய ஒரு லிட்டர். 23 மீட்டர் ஆழத்திலேயே நாள்கணக்கில் தங்கி உடல் முழுதும் நிறைந்தாலும் கூடுவது இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். எடை மூன்று கிராமுக்குள். ஒரு மணி நேர முக்குளிப்பில் சேர்வது அதிலும் குறைவு. விமான நிலையத்தில் பையை வைத்ததும் 15.2 என்று காட்டிக் கூடுதல் பணம் கேட்கும் தராசுக்கு இந்த மூன்று கிராம் தெரியாது. எக்ஸ்ரே திரையிலும் தெரியாது. பாதுகாப்பு வீரர் கையால் தடவிச் சோதித்தாலும் தட்டுப்படாது. பயணத்தின் சாமான்களிலேயே உயிருக்கு மிக நெருக்கமான ஆபத்து, எவரும் எடை போடாத அந்த மூன்று கிராம்தான். அதை அறிவிக்க வேண்டியவர் பயணி ஒருவரே. அறிவிக்க வேண்டியது தனக்குத்தானே.

திரும்பும் பயணத்துக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். கடைசி நாள் காலையிலேயே சாமான்களை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் விரித்துவிடுங்கள். ஈர வெட்சூட் தன் எடைக்கு மேல் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்; போகும்போது 15க்குள் இருந்த பை திரும்பும்போது தாண்டிப் போவதன் காரணம் பெரும்பாலும் அதுதான். கரையில் காற்று வாங்கிக்கொண்டு காத்திருக்கும் அந்தப் பதினெட்டு மணி நேரத்தில், கொடியில் தொங்கும் வெட்சூட்டிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் உடலிலிருந்து ஒவ்வொரு மூச்சிலும் நைட்ரஜன் இறங்கும். மறுநாள் இரண்டும் உலர்ந்திருக்கும். அப்போது விமானம் ஏறலாம்.